முன்பாரம், பின்பாரம்: சின்ன எஸ்யூவியில் கேம்பர் டிரெய்லர் இழுக்கும் கணக்கு

காரின் விளம்பரத் தாளில் ‘இழுவைத் திறன் 1500 கிலோ’ என்று போட்டிருக்கிறது. பார்த்து வைத்திருக்கும் கேம்பர் டிரெய்லரின் (பயணத்தில் தங்குவதற்காகக் காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி) எடை 1000 கிலோ. இன்னும் 500 கிலோ மிச்சம் இருக்கிறதே, அப்புறம் என்ன யோசனை என்று வாங்கிவிடுகிறோம். முதல் பயணத்தன்று ஆட்கள் ஏறி, சாமான் ஏறி, டிரெய்லரையும் மாட்டியதும் காரின் பின்பக்கம் உட்காருகிறது, முன்பக்கம் தூக்குகிறது, ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளைகளில் விழுகிறது. நெடுஞ்சாலையில் 90ஐத் தொட்டதும், யாரோ பின்னால் இருந்து மெதுவாக இடமும் வலமும் இழுப்பதுபோல ஸ்டியரிங்கில் தெரிகிறது.

இரண்டு எண்களிலும் பொய் இல்லை. எடை எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் மூட்டை அடுக்கும்போதே சற்று முன்பாரமாக வைப்பார்கள். கேம்பர் டிரெய்லரும் அதே இரட்டைச் சக்கர வண்டிதான். மாட்டுக்குப் பதில் எஸ்யூவி, வேகம் இருபது மடங்கு.

அந்த 1500 எங்கிருந்து வருகிறது

இழுவைத் திறன் என்பது எஞ்சினின் பலத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. கியர்பாக்ஸ் எவ்வளவு சூட்டைத் தாங்கும், ரேடியேட்டர் எவ்வளவு குளிர்விக்கும், பிரேக் எதுவரை பிடிக்கும், டிரெய்லரை மாட்டும் கொக்கி பொருத்தியிருக்கும் அடிச்சட்டம் எவ்வளவு தாங்கும் என்று பலவற்றில் எது முதலில் தோற்கிறதோ அதுதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு வெளியிட்ட ஜே2807 என்ற தரநிலை இதற்கென்று சோதனைகளை வகுத்திருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் உள்ள நீண்ட ஏற்றத்தில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, டிரெய்லரோடு ஏற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் காருக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர்: ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும். பின் சீட்டில் பிள்ளைகளோ, டிக்கி நிறையச் சாமானோ அதில் இல்லை.

ஒரே மாடல் என்பதற்காக ஒரே எண்ணும் வராது. 2019-இல் வந்த டொயோட்டா ராவ்4 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் சாதாரண பெட்ரோல் வகைக்கு 1500 பவுண்டு, அதாவது 680 கிலோ. அட்வென்சர் என்ற வகைக்கு 3500 பவுண்டு, ஏறத்தாழ 1590 கிலோ. எஞ்சின் இரண்டிலும் ஒன்றுதான். பெரிய ரேடியேட்டரும் கியர் ஆயிலுக்குத் தனிக் கூலரும் இருப்பதால் இத்தனை வித்தியாசம். கடையில் வாங்கிப் பொருத்திய கொக்கி 1500 கிலோ தாங்கும் என்பதால் காரும் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொக்கி, அதன் உருண்டை, கார், அந்த உருண்டையைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளர் என எல்லாவற்றிலும் ஒரு எண் பொறித்திருக்கும். அவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண், பிரேக் இல்லாததற்கு வேறு எண் என்று கையேட்டில் இரண்டு தனித்தனியாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது. இரண்டாவது பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான்.

முதலில் தீர்ந்துபோவது வேறு எண்

சின்ன எஸ்யூவியில் இழுவைத் திறன் தீர்வதற்கு ரொம்ப முன்பே தீர்ந்துவிடுவது அதன் சுமைத் திறன். காரே தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை இது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலோ தகட்டிலோ இதைக் கண்டுபிடித்துவிடலாம். டிரெய்லர் பின்னால் உருண்டு வருகிறது, அது காரின் சுமையில் சேராது என்று தோன்றும். சேரும். அதன் மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் எடை முழுவதும் காரின் கணக்கில்தான் வருகிறது. அமெரிக்கர்கள் இதை நாக்குப் பளு என்பார்கள், பிரிட்டனில் மூக்குப் பளு. இங்கே கொக்கிப் பளு என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் வெற்று எடை 1650 கிலோ, அதிகபட்ச மொத்த எடை 2100 கிலோ. சுமக்க மீதி 450. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 220. சாமான் 80. கொக்கியும் அதன் இரும்புச் சட்டமும் 20. இப்போதே 320 ஆகிவிட்டது. கொக்கிப் பளுவுக்கு மிஞ்சியிருப்பது 130.

இனி டிரெய்லர். விளம்பரத்தில் உள்ள 1000 கிலோ தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது இருந்த எடை. தண்ணீர்த் தொட்டியில் 60 லிட்டர் ஊற்றினால் 60 கிலோ. பேட்டரி 25, நிரப்பிய கேஸ் சிலிண்டர் 20, வெளியே விரிக்கும் பந்தல் துணியும் கம்பிகளும் 25, மெத்தை, பாத்திரம், நாற்காலி, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 70. ஆகமொத்தம் 1200 கிலோ. கொக்கிப் பளு அதில் 12 சதவீதம் என்றால் 144. காரில் இடம் இருப்பதோ 130க்கு. இழுவைத் திறனில் இன்னும் 300 கிலோ பாக்கி வைத்துக்கொண்டே காரின் சுமைத் திறனைத் தாண்டிவிட்டோம்.

(ஐரோப்பியக் கணக்கில் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்காக 75 கிலோ சேர்த்திருப்பார்கள். வேறு நாட்டுத் தாளைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில் வழுக்குவதுண்டு.)

இதற்குத் தீர்வு பெரும்பாலும் சலிப்பூட்டும் வகையில் எளிமையானது. தண்ணீரைப் போகிற இடத்தில் பிடித்துக்கொள்வது, டிக்கியில் இருக்கும் கனமான பெட்டியை டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றுவது, இரண்டு சிலிண்டருக்குப் பதில் ஒன்று. அப்படியும் அடங்கவில்லை என்றால் டிரெய்லர்தான் பெரிது.

மொத்தம் சரியாக இருந்தாலும் நெம்புகோல் கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 2.7 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் என்று கொள்வோம். கொக்கியில் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் கூடுவது 100 அல்ல, ஏறத்தாழ 140. அந்த உபரி 40 கிலோவும் முன் அச்சிலிருந்து தூக்கி எடுக்கப்பட்டது. ஸ்டியரிங் செய்வதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு வகிப்பதும் முன் சக்கரம், பல சின்ன எஸ்யூவிகளில் இழுப்பதும் அதே முன் சக்கரம். ஈரமான ஏற்றத்தில் புறப்படும்போது முன் டயர் சுற்றிக்கொண்டு நிற்பதற்கும், ஸ்டியரிங் லேசாகிப் போனதுபோல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இதைச் சரிசெய்ய, ஸ்பிரிங் கம்பிகளால் பளுவை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பிவிடும் கொக்கி அமைப்பு ஒன்று உண்டு. பெரிய பிக்கப் வண்டிகளில் இது சகஜம். சின்ன எஸ்யூவிகளின் கையேடுகள் பலவற்றில் அதைப் போடாதே என்று எழுதியிருக்கும். அந்தக் கம்பிகள் முறுக்கும் விசைக்கு ஏற்ற தனிச் சட்டம் அடியில் இல்லை. கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆட்டம்

அப்படியானால் கொக்கிப் பளுவைக் குறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? கனமான சாமானை எல்லாம் டிரெய்லரின் பின்கோடிக்குத் தள்ளினால் கொக்கி லேசாகிவிடுமே. இந்த விஷயத்தில் செய்யக்கூடிய ஆக மோசமான காரியம் அதுதான்.

டிரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு பக்கவாட்டில் ஊசலாடக்கூடிய ஒரு பொருள். காற்று அடித்தாலோ, லாரி கடந்தாலோ, சாலையில் ஒரு பள்ளம் வந்தாலோ அது சற்று விலகும். டயர்கள் அதை நேராக்கும். நேராகும் வேகத்தில் கொஞ்சம் மறுபக்கம் தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். நன்றாக அடுக்கிய டிரெய்லரில் இது ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. வேகம் கூடக் கூட அடங்குவதற்கு ஆகும் நேரம் நீள்கிறது. ஏதோ ஒரு வேகத்தில் அது அடங்குவதே இல்லை. அதையும் தாண்டினால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். வேகமானியில் அந்த எல்லைக்குக் கோடு எதுவும் போட்டிருக்காது. 95இல் சாதுவாக வந்த டிரெய்லர் 105இல் காரைப் பக்கவாட்டில் உதறும்.

அந்த எல்லை வேகம் ஒவ்வொரு கார்-டிரெய்லர் ஜோடிக்கும் வேறு. பின்பாரம் ஏற்றினால் அது கீழே இறங்கும். கொக்கி பின் அச்சிலிருந்து தள்ளி இருந்தாலும், காரின் வீல்பேஸ் குட்டையாக இருந்தாலும் இறங்கும், ஏனென்றால் டிரெய்லர் கொக்கியில் கொடுக்கும் பக்கவாட்டு உதை காரைத் திருப்புவதற்கு அப்போது வசதியான பிடி கிடைக்கிறது. சின்ன எஸ்யூவி குட்டையான வண்டி. பெரிய பிக்கப் மன்னித்துவிடும் தவறுகளை இது மன்னிக்காது.

இதில் நுணுக்கமான ஒன்று இருக்கிறது, பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கொக்கிப் பளு சரியாக 12 சதவீதம் இருந்தாலும் அடுக்கியது தப்பாக இருக்கலாம். முன்கோடியில் கருவிப் பெட்டியும் இரண்டு சிலிண்டரும், அதைச் சமன்செய்ய பின்கோடியில் இரண்டு சைக்கிளும் உபரிச் சக்கரமும் என்று வையுங்கள். தராசு சமம்தான். ஆனால் இரண்டு நுனியிலும் கனமுள்ள ஒரு தடியை நடுவில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தொடங்கவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். அதே கனத்தை நடுவில் கட்டினால் சுலபமாக நின்றுவிடும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் டிரெய்லரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது: அதிவேக நிலைத்தன்மையை டிரெய்லரின் மொத்த எடையைவிட அதிகம் தீர்மானிப்பவை அந்த எடை பரவியிருக்கும் விதமும், கொக்கிப் பளுவும், அச்சு இருக்கும் இடமும்.

ஆக, கனமானவை அச்சுக்கு மேலே அல்லது ஒரு சாண் முன்னால், தரையோடு தரையாக. லேசானவை நுனிகளிலும் மேல் அலமாரியிலும். பின்சுவரில் சைக்கிள் மாட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள். நல்ல தண்ணீர் முன்னாலும் கழிவுநீர்த் தொட்டி பின்னாலும் உள்ள டிரெய்லரில், இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பும்போது 40, 50 கிலோ தானாகவே முன்னாலிருந்து பின்னால் இடம் மாறியிருக்கும். போகும்போது அமைதியாக வந்தது திரும்பும்போது ஆடுவதற்கு இதுவே போதும்.

கொக்கிப் பளு எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வட அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் 4 முதல் 7. இரு தரப்பும் அவரவர் இடத்தில் சரிதான். ஐரோப்பியக் கார்களின் கொக்கிகள் பெரும்பாலும் 75, 100 கிலோ அளவுக்கே அனுமதி பெற்றவை, டிரெய்லர்கள் நுனி லேசாகக் கட்டப்பட்டவை, வேக வரம்பும் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான், தனி அனுமதி பெற்ற ஜோடிக்கு மட்டும் 100. இங்கிருந்து ஒரு பாதியையும் அங்கிருந்து மறுபாதியையும் எடுத்துக்கொள்வது, அதாவது 5 சதவீதக் கொக்கிப் பளுவோடு 110இல் போவது, எந்த ஊர்க் கணக்கிலும் சேராது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினைக் கப்ளருக்கு அடியில் வைத்து, நடுவே ஒரு கட்டையை நிறுத்தி மூக்கை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். கட்டையின் உயரம், காரில் மாட்டும்போது கப்ளர் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரமாக இருக்கட்டும். மூக்கு தாழ்ந்தால் எண் மாறும். மொத்த எடைக்கு லாரி எடைமேடைதான் வழி. பயணத்துக்குப் போகிறபடியே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, காரின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்றையும் தனித்தனியாக ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டால் ஊகம் எல்லாம் ஒழியும். டிரெய்லர் தரைக்கு இணையாக, அல்லது மூக்கு ஒரு விரற்கடை தாழ்வாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் கொக்கியின் சட்டத்தை மாற்ற வேண்டும்.

ஆட்டம் வந்தேவிட்டால் கை தானாகச் செய்யத் துடிப்பது எல்லாம் தப்பு. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினால், உங்கள் திருப்பம் அரை நொடி தாமதமாகப் போய் அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளுக் கொடுக்கும். கார் பிரேக்கை அழுத்தினால் கார் மெதுவாகும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், இரண்டும் கொக்கியில் மடங்கும். வேகம் கூட்டினால் நேராகும் என்று ஒரு பேச்சு உண்டு. அடங்காத ஆட்டத்துக்குக் காரணமே வேகம் என்றபோது அதைக் கூட்டுவது சூதாட்டம். செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, ஸ்டியரிங்கை நேராக உறுதியாகப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்து, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி டேஷ்போர்டில் இருந்தால், அதிலுள்ள கைப்பிடியை நகர்த்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கலாம். பின்னால் இழுத்துப் பிடிக்கும் விசை முழு ஜோடியையும் கயிறு போல நேராக்கிவிடும்.

இன்றைய எஸ்யூவிகள் பலவற்றில் டிரெய்லர் ஆட்டத்தை உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக பிரேக் பிடித்து அடக்கும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். அது வேலை செய்ததற்கான விளக்கு மின்னினால் அப்பாடா என்று பயணத்தைத் தொடராமல், அடுத்த நிறுத்தத்தில் சாமானை மாற்றி அடுக்குங்கள்.

பிரேக்கும் சூடும்

80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கூடியது கால் பங்கு. நிறுத்தும்போது பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் கூடுவதோ 56 சதவீதம். கூடவே எடையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. டிரெய்லருக்கு சொந்த பிரேக் இல்லை என்றால் எல்லாமே காரின் நான்கு பிரேக் தட்டுகள் மேல்தான். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறுகிறது. சட்டம் என்ன சொன்னாலும், 500 கிலோவைத் தாண்டினால் பிரேக் உள்ள டிரெய்லரையே பாருங்கள் என்பேன்.

இரண்டு வகை பிரேக் புழக்கத்தில் உண்டு. ஒன்றில், கார் மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் அழுத்தமே அதன் பிரேக்கை இயக்கும். காரில் எதையும் பொருத்த வேண்டியதில்லை. மற்றது மின்சார பிரேக். இதற்குக் காருக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஏழு முனை இணைப்பும் வேண்டும். சின்ன எஸ்யூவிகளில் பல சமயம் விளக்குகளுக்கான நான்கு முனை இணைப்பு மட்டுமே கிடைக்கும், எனவே டிரெய்லர் வாங்கும் செலவோடு இந்த வேலையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மலிவான வகை, நீங்கள் மெல்லத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும் ஒரே மாதிரி பிடிக்கும். கார் எவ்வளவு வேகமாக மெதுவாகிறது என்று உணர்ந்து அதற்கேற்பப் பிடிப்பது கொஞ்சம் விலை கூடுதல். இரண்டாவதுதான் வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து. காரும் டிரெய்லரும் சேர்ந்து 2500 கிலோ, 6 சதவீத இறக்கம், வேகம் 60 என்றால் புவியீர்ப்பு தரும் சக்தி ஏறத்தாழ 24 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இருபத்துநான்கு ஒன்றாக எரிவது போல. அதில் பாதியைக் காற்றும் டயர் உராய்வும் தின்றுவிடட்டும். மீதி எல்லாம் பிரேக்கிலோ எஞ்சினிலோ போய்ச் சேர வேண்டும். பத்து நிமிடம் தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்குப் போய்விட வேண்டும். எஞ்சின் இரைச்சல் பயமுறுத்தும், பரவாயில்லை, அதற்குத்தான் அது இருக்கிறது. ஹைபிரிட் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வழியாகப் பிடிக்கும் பிரேக், பேட்டரி நிரம்பும்வரைதான். நீண்ட மலை இறக்கத்தில் பாதி வழியிலேயே அது நிரம்பிவிடலாம்.

ஏற்றத்தில் கஷ்டப்படுவது கியர்பாக்ஸ். சின்ன எஸ்யூவிகளில் பரவலாக உள்ள, கியர் படிகளே இல்லாத தானியங்கி சிவிடி வகையில் ஆயில் சூடேறுவதுதான் தொல்லை. அளவு மீறினால் வண்டி தானாகவே எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும். லாரிகளின் பின்னால் லாரி வேகத்தில் ஏறுங்கள். இழுவைக்கு ஓட்டும் வண்டியில் கியர் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லிக் கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பில் தனி அட்டவணை இருக்கும்.

சமதளத்தில் எதிரி காற்று. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது: 80இலிருந்து 100க்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் சில கையேடுகள் எடையோடு டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் வரம்பு சொல்கின்றன. கண்ணீர்த் துளி வடிவில் தாழ்வாக உள்ள டிரெய்லர் காரின் நிழலுக்குள் ஒளிந்துகொண்டு வரும். அதே எடையில் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள பெட்டி, சாலையில் ஒரு சுவரை இழுத்துப்போவது மாதிரி. இரண்டும் 900 கிலோ என்றாலும் எஸ்யூவிக்கு இரண்டும் ஒன்றல்ல. நடுவில் மடக்கித் தாழ்த்திக்கொள்ளும் வகை, இந்த அளவு காருக்கு என் பார்வையில் நல்ல சமரசம்.

மாட்டுவது, கிளம்புவது

கொக்கி உருண்டையின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் சின்ன டிரெய்லர்களுக்கு 1⅞ அங்குலம், 2 அங்குலம் என்று இரண்டு அளவுகள் சகஜம். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். பெரிய கப்ளரில் சின்ன உருண்டை உள்ளே போய்ப் பூட்டியது போலவே காட்டும். ஒரு வேகத்தடையில் துள்ளிக் கழன்றுவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரி. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். டிரெய்லர் கழன்றால் தானாக அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் காரில் தனியாக மாட்டுங்கள்.

டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் டயரின் மேல்வரிகள் எல்லாம் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் வேகக் குறியீடு இல்லாதவை மணிக்கு 105 கிலோமீட்டர் வரைக்கும்தான். காரின் பின் டயர்களுக்கும் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் வைக்க மறக்க வேண்டாம்.

ஓட்டும்போது திருப்பங்களை அகலமாக எடுக்க வேண்டும், டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பெரிய லாரி உங்களை முந்தும்போது அதன் முகப்புக் காற்று முதலில் டிரெய்லரை வெளிப்பக்கம் தள்ளும், பிறகு உள்ளே உறிஞ்சும். இரண்டையும் எதிர்பார்த்துப் பிடியை உறுதியாக வைத்திருந்தால் போதும். ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வைத்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சின்ன டிரெய்லர்தானே, சுலபம் என்று தோன்றும். நீளமானதைவிடக் குட்டையானது சட்டென்று மடங்கும். காலியான மைதானத்தில் அரைநாள் பழகிவிட்டுச் சாலைக்கு வந்தால் பம்பர் பிழைக்கும்.

கிளம்பி முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ஒருமுறை ஓரம் கட்டுங்கள். கப்ளர் பூட்டு, சங்கிலி, விளக்கு இணைப்பு, சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். டிரெய்லரின் இரண்டு சக்கர மையங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. ஒரு பக்கம் கை வைக்க முடிந்து மறுபக்கம் சுட்டால், சுடுகிற பக்கத்தில் பேரிங் வறண்டிருக்கிறது அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. அங்கிருந்து மேலே போகாமல் அங்கேயே பார்த்துவிட வேண்டிய வேலை அது.